கதிரை கேட்டால் இடுப்பு வரும்

சம்பளமில்லாத வேலையிலும் ஆளைத் தேர்ந்துதான் எடுப்பார்கள் என்பது குழந்தைகள் இல்லத்துக்குத் தொண்டராகப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மெல்பேர்ணில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் காலைத் தூக்கத்தைப் பறிகொடுத்த என் இனத்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நாங்கள் பட்ட பாடு வீண்போகவில்லை.

பெருவும் பேர்த்தும்

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நேரே யூனிக்குப் போகமாட்டேன், பெருவில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வேலைசெய்து ஸ்பானிஷ் படிக்கப்போகிறேன் என்று மெல்பேர்ண் நோபல் பார்க் வீட்டில் அறிவித்தேன். அம்மா தலையைக்கூட நிமிர்த்தாமல், "போட்டு வா, பேர்த்திலை எங்கடை ஆக்கள் இருக்கினம்" என்றார். அது பேர்த் இல்லை, தென்னமெரிக்கா என்று வரைபடத்தைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை எழுதினால் இந்தப் பத்திரிகை தாங்காது. கடைசியில் அம்மா ஒரு நிபந்தனையோடு விட்டார். "பிள்ளையளோடை நிக்க எண்டுதானே போறாய்? அவை உன்னைப் பிள்ளையளுக்குக் கிட்ட விடாட்டில் அடுத்த பிளேன்லை வாறாய். சும்மா நிக்கிறதெண்டால் இஞ்சையே நிக்கலாம், தம்பியைப் பார்க்க ஆளில்லை."

குசினி

இல்லம் ஒரு மலைப்பட்டணத்தில் இருந்தது. பொறுப்பாளர் மார்த்தா, சிரிப்பைச் சேமித்து வைக்கிற மனிசி. ஃபோனில் செயலி வைத்துப் படித்த எனக்கு, "ஆமை பால் குடிக்கிறது" என்று பிழையில்லாமல் சொல்ல வரும். அவர் கேட்ட எதற்கும் அது பதிலாக இருக்கவில்லை. ஒரு பிள்ளை எங்கே நோகிறது என்று சொன்னால் உனக்கு விளங்கவேண்டும், அதுவரை முற்றத்துக்குப் போகக்கூடாது, உன் இடம் "கொசினா" என்று கையை நீட்டினார். நீட்டிய பக்கம் அடுப்பும் பானைகளும் தெரிந்தன. குசினி!

அன்றைக்கு நான் வெங்காயம் உரித்தபடியே புதையல் கிண்டினேன். மேசை அங்கே மேசா. நாங்கள் ரொட்டிக்குச் சொல்கிற பாண் அங்கே பான். காலில் போடுகிற சப்பாத்து சப்பாத்தோ. போர்த்துக்கேயர் ஒருகாலத்தில் இலங்கையில் விட்டுப்போன சொற்களுக்கெல்லாம் ஸ்பானிஷ் ஒன்றுவிட்ட சகோதரம். இந்தச் சொற்களுக்காகத்தான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் பகிடி வாங்கினேன். அக்‌ஷயா என்று கிளென் வேவர்லியிலிருந்து வருகிற சென்னைக்காரத் தோழி, நான் வாயைத் திறந்தாலே "குசினி இல்லடி, சமையலறை" என்று திருத்துவாள். உடனே அவளுக்குச் செய்தி அனுப்பினேன்: குசினி ஸ்பானிஷிலும் இருக்கு, இப்ப என்ன சொல்லுறாய்? பதில் வந்தது. "அப்போ நீ பேசுறது தமிழே இல்லன்னு நான் சொன்னது கரெக்ட்தானே?"

தாச்சி

பெருமை தலைக்கேறினால் ஆள் யோசிக்காது. தாளிக்கிற தாச்சிக்கும் அங்கே அதே சொல்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, வெங்காயத் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதை வதக்கவேண்டும், தாச்சோ எங்கே?" என்று சமையற்காரரிடம் கேட்டேன். பெருவில் தாச்சோ என்றால் குப்பைவாளி. அவர் மூலையில் இருந்த வாளியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அவுஸ்திரேலியாவிலை அதுக்குள்ளைதான் சமைக்கிறனீங்களோ?" என்றார்.

கதிரை

நான் திருந்தவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் வந்து இருந்தபோது ஓர் இருக்கை குறைந்தது. லூஸ் என்கிற ஆறு வயதுக்காரி, முன்பல் இரண்டும் இல்லாதவள், சும்மா நின்றாள். நாற்காலியைக் கதிரை என்றே சொல்லி வளர்ந்த நான், "ஒரு கதேரா கொண்டு வா" என்றேன். லூஸ் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, ஆட்டி ஆட்டி என்னிடம் நடந்து வந்து, "கொண்டந்திட்டன், எங்கை வைக்க?" என்று கேட்டாள். ஸ்பானிஷில் கதேரா என்றால் இடுப்பு. கதிரைக்குச் சொல் சிய்யா.

அதற்குப் பிறகு அந்த இல்லத்தில் யாரும் சிய்யா என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் கதேராதான் வேண்டும், எல்லோரும் இடுப்பை ஆட்டினார்கள். மார்த்தா மட்டும் சிரிக்கவில்லை. "இடுப்புக்கும் கதிரைக்கும் வித்தியாசம் தெரிஞ்ச பிறகு முற்றத்தைப் பற்றிக் கதைப்பம்."

லூஸ்

அம்மாவோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தபோது குசினிக்குள் தலையை நீட்டியவளை, "லூஸ், இஞ்சை வா!" என்று கூப்பிட்டேன். அவ்வளவுதான். "தாய் தேப்பன் கிட்ட இல்லாத பிள்ளையை லூசு எண்டு பேசுறியே, உன்ரை வாய் அழுகாதோ?" என்று அம்மா கத்தினார். அது பேர், வெளிச்சம் என்று அர்த்தம் என்று விளங்கப்படுத்தினேன். அம்மா விடவில்லை. "என்னவாவது இருக்கட்டும், நீ 'செல்லம்' எண்டு கூப்பிடு. அதுசரி, இன்னும் குசினிக்குள்ளையே நிக்கிறாய் போல கிடக்கு?"

உண்மையான இடுப்பு

முற்றத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவன் யோனாஸ், ஜேர்மனியிலிருந்து வந்த தொண்டன். ஸ்பானிஷ் இலக்கணம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எனக்கு அவனைப் பார்த்தாலே எரிச்சல் வரும், காரணம் எதுவும் இல்லை, என் இடத்தில் அவன் நின்றான்.

ஒருநாள் குசினி ஜன்னலால் பார்க்கிறேன், ஏறி விளையாடுகிற கம்பியிலிருந்து லூஸ் விழுந்துவிட்டாள். விழுந்த இடத்திலேயே இருந்து "கதேரா, கதேரா" என்கிறாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். யோனாசும் சிரித்துக்கொண்டே ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வருகிறான்! பகிடி விடும்போது லூஸ் இரண்டு கையையும் இடுப்பில் வைப்பாள். இப்போது ஒரு பக்கத்தை மட்டும் அமத்திப் பிடித்திருந்தாள், உதடு வெளுத்திருந்தது. என் பிழையால் அந்தப் பிள்ளைக்குத் தன் நோவைச் சொல்ல ஒரு சொல் இல்லாமல் போய்விட்டது.

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். தூக்கி நிறுத்தப் போன யோனாசின் கையைத் தட்டிவிட்டேன். மார்த்தா வெளியே வந்தார். எனக்கு வாக்கியம் எதுவும் வரவில்லை, இரண்டே சொல் வந்தது: "கதேரா வெர்தாதேரா!" உண்மையான இடுப்பு. மார்த்தா ஓடிப்போய் இல்லத்து வான் வண்டியை எடுத்தார். லூஸ் என் கையை விடாததால் நானும் ஏறினேன். எலும்பில் சின்ன வெடிப்பு, நடக்க விட்டிருந்தால் பெரிதாகியிருக்கும் என்றார் டொக்டர். திரும்பி வந்ததும் மார்த்தா என் ஏப்ரனைக் கழற்றி யோனாசிடம் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதை மறைக்கிற எண்ணமும் இல்லை.

அன்று பின்னேரம் லூஸின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க இடம் தேடினேன். பழக்கதோசத்தில், "ஒரு கதேரா இருக்குதா?" என்று வாயில் வந்துவிட்டது. லூஸ் போர்வையை இடுப்புக்கு மேலே இழுத்துக்கொண்டாள். "கதேரா என்ரை. உனக்கு இருக்க வேணுமெண்டால் சிய்யா எண்டு கேள்."

இப்போது நோபல் பார்க்கில் அம்மா "கதிரையைக் கொண்டு வா" என்று சொன்னால் என் இரண்டு கையும் தானாக இடுப்புக்குப் போகிறது, அம்மா அதைத் திமிர் என்கிறார், நான் ஸ்பானிஷ் என்கிறேன்.