தறிக்குழியில் நின்ற மாதங்கள்

எனக்கு ஆறு வயதானபோது என்னை இடுப்பளவு மணலில் புதைத்து வைத்தார்கள். புதைத்தது என் அம்மாதான். கோபத்தில் செய்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். பாசத்தில் செய்தாள். அதற்கு எதிராக ஒரு பிள்ளையால் என்ன செய்ய முடியும்?

பிறந்தவுடன் நான் அழவில்லையாம். நிற்க வேண்டிய வயதில் கால்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொண்டன, குதிகால் தரையைத் தொடவே இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனபோது பெரிய டீச்சர் சொல்லிவிட்டார்கள்: "நடந்து வரட்டும், சேத்துக்கிடுதேன். தூக்கிட்டு அலைய இங்கன யாரு இருக்கா?"

பிந்தி நடக்கிற பிள்ளைகளைக் குழியில் நிறுத்தி மணலை இறுக்குவது எங்கள் பக்கத்துக் கைவைத்தியம். பக்கத்து வீட்டு அத்தை யோசனை சொன்னாள். எங்கள் வீட்டில் குழி தோண்டவும் வேண்டியிருக்கவில்லை. அப்பா விசைத்தறிக் கொட்டகைக்கு வேலைக்குப் போய்விட்டதால், முன்னறையில் அவர் காலைத் தொங்கவிட்டுக் கைத்தறி நெய்த குழி சும்மா கிடந்தது. அம்மா அதில் மணலைக் கொட்டி, கோயில் புற்றுமண்ணும் ஒரு பிடி கலந்தாள்.

தினமும் காலையில் குழிக்குள் இறக்குவாள், உச்சிப்பொழுதில்தான் எடுப்பாள். கால்கள் பின்னிக்கொள்ளத் துடிக்கும், மணல் விடாது. தொடைக்குள் நரம்பு முறுக்கும். "எடும்மா, எடும்மா" என்று கத்துவேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் மக்கா. பள்ளிக்கூடம் போவண்டாமா?"

அந்தப் பள்ளிக்கூடத்தையே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. மணலுக்குள் இருக்கும்வரை தேர் மாதிரி நிற்பேன். வெளியே எடுத்து விட்டால் அப்படியே சரிவேன். நாளுக்கு நாள் கால் இறுகியதுதான் மிச்சம்.

ஆடித்தபசுத் திருவிழா வந்தது. கொடியேறிவிட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் கோயிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றுவார்கள். ஒற்றைக்காலில் தவம் நிற்கிற அம்மனின் கால்வலியைச் சுற்றுகிறவர்கள் வாங்கிக்கொள்வதாக நம்பிக்கை. உன் வலியை நான் வாங்கிக்கொள்கிறேன், என் பிள்ளைக்குக் காலைக் கொடு என்பது அம்மாவின் வேண்டுதல். நான் குழிக்குள் நிற்கும்போதே அவள் சுற்றி முடித்தால் பலிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னை இறக்கிவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் செம்பில் தண்ணீர் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

உச்சிப்பொழுது தாண்டியது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. தெருவெல்லாம் கொட்டுச் சத்தம், யாருக்குக் கேட்கும்? மணலுக்குள்ளேயே ஒன்றுக்கிருந்தேன். அம்மனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். தவம் அவள் இஷ்டப்பட்டு நிற்பது, என்னை யார் கேட்டார்கள்?

அம்மா வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து குழியோரம் உட்கார்ந்தாள். பாதங்கள் இரண்டும் வீங்கிக் கொப்புளம் கண்டிருந்தன. கைகளால் மணலை வாரி, என் அக்குளில் கைகொடுத்து இழுத்துப் பார்த்தாள். ஊன்றி எழ அவளுக்குக் கால் இல்லை. "கொஞ்சம் பொறுட்டி, கொஞ்சம் பொறு" என்றாள். பிறகு அழுதாள். வேலை முடிந்து வந்த அப்பாதான் என்னை வெளியே தூக்கினார். என் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனி குழி வேண்டாம். திருநெல்வேலிக்குப் போவோம்" என்றார்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் பாதத்தை மடக்கிப் பார்த்தார். அது கொஞ்சமும் மடங்கவில்லை. "இது கால்ல உள்ள கோளாறு இல்ல, பிறக்கும்போதே மூளையில பட்டது. தினமும் நீட்டி மடக்கி இளக்கணும். இவ்வளவு நாள் வீட்டுல என்ன செஞ்சீங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் செய்யல டாக்டரம்மா."

"ஒண்ணுமே செய்யாமப் போட்டு வச்சா கால் இறுகாம என்ன செய்யும்? நீ ஒரு தாயா?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளைத் திட்டவும் உலகத்தில் ஆள் இருக்கிறது என்று மனம் குளிர்ந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

பிறகு இரண்டு வருஷம் அம்மா காலையும் மாலையும் என் காலை நீட்டி மடக்கினாள். நான் கத்தினால் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். எட்டு வயதில் இரும்புக்கம்பி வைத்த பூட்ஸும் கைத்தடியுமாகப் பள்ளிக்கூடம் வரை நடந்தேன். பெரிய டீச்சர் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிக்கொண்டே, "முந்தியே ஏதாவது செஞ்சிருக்கலாம்லா" என்றார்கள்.

"எங்கம்மா எவ்வளவோ செஞ்சா டீச்சர்" என்று ஆரம்பித்தேன். அம்மா என் முழங்கைக்கு மேல் நறுக்கென்று கிள்ளினாள்.

"ஆமா டீச்சர், நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, உள்ளே போ என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள்.