சிக்கனமான வீடு

காலையில் எழும்பிக் கதைத்தால் வாயிலிருந்து புகை வரும்... வெளியில் இல்லை, வீட்டுக்குள்ளே.

மெல்பேர்னில், மல்கிரேவ் பக்கம் நாங்கள் முதன்முதல் வாடகைக்கு இருந்த பழைய பலகை வீடு அது. சமைக்கிற குசினித் தரையில் வெறுங்காலை வைத்தால் உச்சந்தலை வரைக்கும் குளிரும்.

நானும் என் மனுசி பிலோமினாவும் படகில் வந்து தற்காலிக விசாவில் இருந்த காலம். எனக்குக் கோழித் தொழிற்சாலையில் வேலை. அவளுக்கு மூச்சு இழுக்கிற இழுப்பு வருத்தம். வீட்டில் ஹீட்டர் இருந்தது. ஆனால் பில்லுக்குப் பயந்து அதில் ஈரத் துவாயை விரித்து வைப்பதோடு சரி.

ஒரு சனிக்கிழமை ஜெனி என்ற இளம்பெண் கதவைத் தட்டினாள். எந்த வீடு எவ்வளவு கறண்டும் காஸும் எடுக்கிறது என்று அரசாங்கத்துக்காகத் தகவல் திரட்டுகிறாளாம். நாடு முழுக்க வீடுகளுக்கு என்ன விதி போடுவது, எங்கே உதவி செய்வது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். மோசமான வீடுகள் சிலவற்றைத் திருத்தியும் கொடுப்பார்களாம். இவ்வளவையும் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளர் சொன்னா. அவ தமிழ்நாட்டுக்காரி.

"ஐயா, உங்க வீடு மின்சாரச் சிக்கனமான வீடா?"

"ஓம் பிள்ளை. எங்களை மாதிரிச் சிக்கனம் இந்த றோட்டிலயே இல்லை."

ஜெனி பில்லைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. மிகக் குறைவு, நல்ல வீடு என்று சொல்லிக் கையிலிருந்த கணினியில் ஏதோ தட்டினாள். எனக்கும் பெருமைதான்.

குசினிக்குள்ளிருந்து பிலோமினா வந்தாள். ஜாக்கெட்டுக்கு மேல் ஜாக்கெட்.

"சிக்கனமாம்... வீடு முழுக்க ஓட்டை. நான் இரவிரவா இருமுறன். அதையும் சொல்லுங்கோ பிள்ளை."

"உமக்குச் சும்மா இருக்கேலாதோ?" என்றேன் மெதுவாக. "வீட்டுக்காரன் அறிஞ்சா வீட்டை விட்டு எழும்பச் சொல்லுவான். இந்த விசாவோட ஆர் எங்களுக்கு வீடு தருவினம்?"

போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஐயா, கோவிச்சுக்காதீங்க. அங்க பேசுறது எல்லாத்தையும் நான் இங்கிலீஷ்ல சொல்லியாகணும்."

சொல்லியும் விட்டா. நான் கூரையைப் பார்த்தேன்.

ஜெனி சிரிக்கவில்லை. அவள் கேட்டது வேறாம். வீடு சூட்டைப் பிடித்து வைத்திருக்குமா, குறைந்த செலவில் வசதியாக இருக்க முடியுமா என்பதுதானாம் கேள்வி. நான் சொன்னதோ நாங்கள் எப்படி ஒடுங்கி இருக்கிறோம் என்பதை. தமிழில் இரண்டும் ஒரே சொல்லாய் வந்து விழுந்துவிட்டது.

அவள் தீப்பெட்டி அளவில் இரண்டு வெள்ளைப் பெட்டிகள் எடுத்தாள். ஒன்றைப் படுக்கையறையிலும் மற்றதை வெளியே கூரை நிழலிலும் வைத்தாள். குளிர்காலம் முடியும்வரை அவை சூட்டையும் குளிரையும் பதிந்துகொண்டே இருக்கும். நீங்கள் வழக்கம்போல இருந்தால் போதும் என்று சொல்லிப் போனாள்.

அன்றைக்கே நான் ஹீட்டரைப் போட்டேன். அரசாங்கத்தின் பெட்டி ஒன்று அறைக்குள் இருக்கும்போது விறைத்துக்கொண்டு கிடப்பது வெட்கமாக இருந்தது. விருந்தாளி வந்தால் கதிரைக்கு நல்ல துணி போடுகிறோம் அல்லவா, அப்படி.

பிலோமினா வந்து நிற்பாட்டினாள்.

"பெட்டிக்குச் சோடிச்சுக் காட்டப் போறீங்களோ?"

"உமக்குத்தானே இழுக்குது. சூடாக் கிடக்கட்டன்."

"பெட்டி போன பிறகும் போடுவீங்களோ?"

நான் ஈரத் துவாயை எடுத்துத் திரும்ப ஹீட்டரில் விரித்தேன்.

"அப்ப உள்ளதைப் பதியட்டும்."

அந்தக் குளிர் முழுவதும் அவள் தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்து இருந்தபடியே தூங்கினாள். எத்தனையோ தரம் என் கை ஹீட்டர் வரைக்கும் போனது. அவள் கண்ணைத் திறக்காமலே "ம்ம்" என்பாள். கை திரும்பிவிடும்.

ஜெனி திரும்பி வந்தபோது ஒரு படம் கொண்டுவந்தாள். வெளிக்குளிருக்குச் சிவப்புக் கோடு, எங்கள் அறைக்கு நீலக் கோடு. எனக்கு அப்போது எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது. ஆனாலும் விளங்கியது. இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டே போயின. நாங்கள் சுவர் கட்டிய வெளியில்தான் படுத்திருக்கிறோம்.

மொழிபெயர்ப்பாளர் சொன்னா: "பில் கம்மியா இருந்தா நல்ல வீடுன்னு கணக்குல போயிடுதாம். உள்ள குளிர்ல இருக்கிறவங்க தெரியறதே இல்லையாம். இதை மேல அனுப்புறாங்களாம் ஐயா."

திருத்துகிற வீடுகளில் எங்களுடையதையும் சேர்த்தார்கள். வீட்டுக்காரன் எழும்பச் சொல்லவில்லை. செலவு தன்னுடையது இல்லை என்றதும் உடனே சம்மதித்தான். கூரைக்குள் கனத்த பஞ்சு விரித்தார்கள், கதவிடுக்குகளை அடைத்தார்கள். அடுத்த குளிருக்கு ஒரே ஒரு தலையணையோடு பிலோமினா நேராகப் படுத்துத் தூங்கினாள். நான்தான் விழித்திருந்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது வேறு வீடு, நிரந்தர விசா. வாடகை வீடுகளுக்குப் புது விதிகள் வருவதாகத் தமிழ் றேடியோவில் சொன்னார்கள். எங்கள் இரண்டு கோடுகளும் அந்தக் கணக்கில் எங்கேயாவது கிடக்குமோ... தெரியாது. கிடக்கும் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

நூலகத்து வகுப்பில் இந்த வயதில் எழுத்துப் படித்து, ஒரு விரலால் தட்டித் தட்டி இதை எழுதுகிறேன். ர-வும் ற-வும் இன்னும் என்னோடு சண்டை. இடையில் பிலோமினா வந்து, "என்ன இது, ஒரே வெக்கையாக் கிடக்கு" என்று ஜன்னலைத் திறந்துவிட்டுப் போகிறாள்.

வெளியே ஜூலை மாதக் குளிர். ஹீட்டர் சூடெல்லாம் வீணாகப் போகிறது.

போகட்டும் என்று விட்டுவிட்டேன்.