பம்ப்ளிமாஸும் ஏழாவது வரியும்

அப்பாவுக்குக் கொழுப்பு குறைக்கும் மாத்திரை ஆரம்பித்த அன்றே, டப்பாவில் இருந்த தாளைப் படித்து, தவிர்க்க வேண்டியவற்றை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. வீட்டிலும் பட்டியல் போடாமல் இருக்க முடியாது. ஏழாவது வரி கிரேப்ஃப்ரூட். இணையத்தில் படம் பார்த்தேன். சாத்துக்குடியைவிடச் சற்றுப் பெரியது, உள்ளே சிவப்பு. எங்கள் மார்க்கெட்டில் நான் பார்த்ததே இல்லை. 'நம் ஊரில் கிடைக்காது' என்று அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிட்டேன்.

கொல்லையில் பம்ப்ளிமாஸ் மரம் தேங்காய் அளவுப் பழங்களோடு காய்த்துத் தொங்கியது. ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அப்பா ஒன்றை உரித்து, சுளைகளில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிப் பங்கு வைப்பார். மற்ற நாட்களில் முழுப் பழமும் அவருக்கே.

இரண்டு மாதத்தில் தொடை வலி. மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிடுவார். மில்லில் நின்றே உழைத்த கால், வயசாகிவிட்டது என்று நாங்களும் நம்பினோம்.

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு அத்தை வந்தார். ஞாயிறன்று அப்பா சுளையை நீட்டியதும் கையை இழுத்துக்கொண்டார்.

"வேணாம்ண்ணே. நானும் உன் மாத்திரைதான் போடறேன். பாம்ப்ளமூஸ் தொடக்கூடாது."

"இன்னாது? பிரான்சுக்குப் போனதும் பழத்துக்குப் பேரு மாத்திட்டியா?"

"அங்க சின்னதா செவப்பா ஒண்ணு விக்கும். அதுவும் பாம்ப்ளமூஸ்தான், இதுவும் பாம்ப்ளமூஸ்தான். நீ இன்னும் மென்னுட்டே இருக்கியே, துப்பு!"

சின்னதாய், சிவப்பாய் என்றதும் ஏழாவது வரிக்காகப் பார்த்த படம் நினைவுக்கு வர, டாக்டருக்குப் போன் செய்தேன். பெரிய பழமும் அதே வேலையைத்தான் செய்யும், மாத்திரை வெளியேறாமல் ரத்தத்தில் ஏறிவிடும், தொடை வலியும் அதனால் இருக்கலாம் என்றார். மாத்திரை, பழம் இரண்டையும் நிறுத்திவிட்டு மறுநாள் வரச் சொன்னார்.

ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்தபோது பெயர்களைத் தேடினேன். டச்சுக்காரர்கள் சொன்ன பெயர்தான் எங்களுக்குப் பம்ப்ளிமாஸாகவும் பிரெஞ்சில் பாம்ப்ளமூஸாகவும் ஆனதாம். ஆங்கிலத்தில் பெரியது பொமெலோ. அதன் வழியில் வந்த சின்னது, திராட்சைபோல் கொத்தாய்க் காய்ப்பதால் கிரேப்ஃப்ரூட். நான் பார்த்த படத்தில் ஒற்றைப் பழம்தான் இருந்தது.

டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். வலி போகும்வரை பழம் வேண்டாம் என்றார். இரண்டு ஞாயிறு அப்பா எங்களுக்கு உரித்துக் கொடுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டார். மூன்றாவது ஞாயிறு, தட்டோடு எங்கும் நிற்காமல் மாடியேறி என் அறைக்கே வந்தார்.

"ஏழாவத அடிச்சிட்டியா?"

"அடிக்கல. இந்த மாத்திரைக்கு அந்த வரியே இல்ல. புதுத் தாள ரெண்டு தரம் படிச்சிட்டேன், டாக்டரையும் கேட்டுட்டேன். சாப்பிடுங்க."

என் கட்டிலிலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.