சுவரில் தெரிந்த திருவடி

அலைகடல் நடுவே அரவணையில் கண்வளரும் ஐயனே, அவன் மார்பை விட்டு அகலாத தாயே, கண் மங்கியவர்க்கும் காட்சி தரும் உங்கள் கருணையை வணங்கி இதை எழுதத் தொடங்குகிறேன்.

அன்று புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. ஊரை ஒட்டிய, திருவண்ணாமலை என்றே பெயர்கொண்ட குன்றின் பெருமாளைச் சேவிக்கப் போகும் அடியார் கூட்டத்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் விடியும் முன்பே நிறைந்திருந்தது. மலைப்படி ஏற இயலாத நானும், என் அண்ணன் மனைவியான மதினியும் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டு மாடியில் எங்கள் பெண்கள் கோஷ்டி சனிக்கிழமைதோறும் கூடிப் பாசுரம் சேவிப்பது வழக்கம். எதிரெதிராக இரண்டு வரிசையாய் அமர்வோம். முதல் இரண்டு அடிகளை ஒரு வரிசை சொல்ல, அடுத்த இரண்டை எதிர் வரிசை வாங்கிச் சொல்லும்.

மதினிக்கு விழித்திரையில் நோய். புத்தகத்து எழுத்தெல்லாம் அவர்களுக்குக் கலங்கிய நீராகிவிட்டது. மனப்பாடமான பாசுரங்களில் தடையில்லை. மற்றவை வரும்போது, தம் வரிசையின் முறை வந்தும் வாய் திறவாமல் அமர்ந்திருப்பார்கள். அன்று பஸ்ஸில் அதைச் சொல்லியேவிட்டார்கள்.

"ஏட்டி, கொலுப் பொம்மை மாதிரி உக்காந்திருக்க எனக்கு ஏலாது. இன்னைக்கும் படிக்க முடியலன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து நீ மட்டும் போயிக்கோ."

அவர்களை நினைத்தே ஆசிரியை பழைய புரொஜெக்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார். பாசுரங்களை நான் பெரிய எழுத்தில் லேப்டாப்பில் அடித்து வைத்திருந்தேன். முதல் பக்கத்தில், ஆசிரியையின் பூஜையறையில் மாட்டியிருக்கும் நின்ற திருக்கோலச் சித்திரத்தின் படம்.

விளக்கேற்றியாயிற்று. சுண்ணாம்புச் சுவரில் ஒளி விழுந்ததும் எல்லோரும் கைகூப்பினோம். கூப்பிய கைகள் அப்படியே நின்றன. திருமுடி தெரிந்தது, திருமார்பு தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே சுவரில் ஒன்றுமில்லை. திருவடியில் தொடங்கித் திருமுடிவரை சேவிப்பது எங்கள் முறை. திருவடியைக் காணாமல் எவரும் முதலடியை எடுக்கவில்லை.

"எங்கேர்ந்து கும்பிட ஆரம்பிக்க?" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"உண்டண்டி, உண்டண்டி" என்று தம் தாய்மொழித் தெலுங்கில் எல்லோரையும் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஆசிரியை லேப்டாப்பில் திரை அளவைக் காட்டும் இடத்தைத் திறந்தார். எண்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் பெரியதான 1920 × 1080 தேர்வாகி இருந்தது.

"அக்கா, இதைக் கொஞ்சம் சின்னதாக்கிப் பாப்போமா?" என்று என்னைக் கேட்டார்.

நான் தடுத்தேன். "பெருமாளுக்கு வைக்கிறதுல குறைக்கிறதாவது? உள்ளதுல பெரிசே இருக்கட்டும்."

சுவர்தான் போதவில்லை என்று எண்ணி, புரொஜெக்டரை எதிர்ச் சுவரிலிருந்த கதவுவரை பின்னுக்கு நகர்த்தினோம். படம் பெருத்தது, திருவடி வரவில்லை. பிறகு நான் பக்கங்களையே சுருக்கினேன். திருவடி வந்தது. ஆனால் அடுத்த பக்கத்தில் பாசுரம் எறும்பு வரிசைபோல் ஊர்ந்தது. எழுத்தின் ஓரங்கள் வேறு கசங்கியிருந்தன. மதினி கண்ணை இடுக்கிப் பார்த்தார்கள். பிறகு, மடியிலிருந்த பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள்.

எழுந்து வெளியே போகவிருந்த மதினி, கதவருகே வைத்திருந்த புரொஜெக்டரைக் கையால் தடவிப் பார்த்தார்கள்.

"இந்தப் பெட்டிக்கு எம்புட்டுக் கொள்ளும்னு யாராச்சும் பாத்தியளா? உழக்குல ஒரு படி அரிசியக் கொட்டிட்டு, சிந்துது சிந்துதுன்னு நிக்கியளே!"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஆசிரியை அதைத் தூக்கி அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். 1024 × 768 என்றிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். லேப்டாப்பிலும் அதே எண்ணை வைத்து, சுருக்கிய பக்கங்களைப் பழையபடி விரித்தார்.

லேப்டாப் திரையில் படம் ஒடுங்கி, இருபுறமும் கறுப்புப் பட்டை விழுந்தது. சுவரிலோ எம்பெருமான் திருமுடி முதல் திருவடிவரை முழுமையாக நின்றான். பாதத்தின் தண்டை கூடத் துலங்கியது. பரமபதத்தில் அளவற்றவனாக இருப்பவன், நம் வீட்டு விளக்கு மாடத்துக்கும் அடங்கும் உருவெடுத்து வருகிறான் என்று எத்தனையோ சனிக்கிழமைகள் நானே விரித்துப் பேசியிருக்கிறேன். அன்று அவனுக்குப் பெரிய எண் கேட்டதும் நான்தான்.

மதினி பையை இறக்கி வைத்துவிட்டு அமர்ந்தார்கள். சேவை தொடங்கியது. அவர்களுக்கு மனப்பாடமில்லாத பாசுரம் வந்தது. எங்கள் வரிசை முதல் இரண்டடியைச் சொல்லி நிறுத்தியது. மதினி அமர்ந்திருந்த எதிர் வரிசை வாங்கியது. அதில் எல்லோருக்கும் அரை மாத்திரை முந்திக்கொண்டு எழுந்தது மதினியின் குரல். ஒரு சொல்லும் தடுக்கவில்லை.

பாசுரம் முடிந்தும் பக்கம் மாறாமல் சுவர் அப்படியே இருந்தது. பக்கத்தைத் தள்ள வேண்டியவள் நான். கண்ணில் நீர் நிறைந்து எனக்கு விசையே தெரியவில்லை.

"ஏட்டி, தள்ளு! கண்ணு மங்குனது எனக்கா, ஒனக்கா?" என்றார்கள் மதினி.

தள்ளினேன்.

இதை வாசிக்கும் எல்லோருடைய கண்ணொளியும் குன்றாதிருக்கட்டும்; குன்றினாலும், அவரவர் அளவுக்கு இறங்கி வரும் அருள் அவர்கள் முன் முழுமையாக நிற்கட்டும்; அவர்கள் முறை வரும்போது குரல் தடையின்றி எழட்டும்.