ஒரு நாற்காலிக்கு ஏழு பெட்டி

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை அவருக்கு. இருபத்திரண்டு வருடமாக அதே இருட்டறை, அதே சுழல் நாற்காலி. வருகிறவரை உட்கார வைத்து, மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "நல்லா தெரியுதா?" என்று மட்டும் கேட்கவே மாட்டார். அப்படிக் கேட்டால் மரியாதைக்காக எல்லாரும் ஆமாம் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தலைவலி என்று படுப்பார்கள். இரண்டைக் காட்டி எது என்று கேட்க வேண்டும். கடையில் புதிதாகச் சேருகிற யாருக்கும் அவர் சொல்லும் முதல் பாடம் இதுதான்.

நான்கு வருடத்துக்கு முன் மகள் வேலை கிடைத்து வெளியூர் போனாள். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். பேச்சு குறைந்துபோயிற்று. ஞாயிறு மதியம் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு படமாவது பார்ப்பது என்று அவர் முடிவு கட்டினார். பார்ப்பதை உருப்படியாகப் பார்ப்போமே என்று ஐந்து ஸ்பீக்கரும், அதிரும் சத்தத்துக்கென்று குப்பைத்தொட்டி உயரத்துக்கு ஒரு பேஸ் பெட்டியும் வாங்கி மாட்டினார்.

முதல் ஞாயிறே மனைவி பாதிப் படத்தில் எழுந்துவிட்டாள். "கொஞ்சம் வேலை இருக்கு, நீங்க பாருங்க" என்று அறைக்குள் போனவள் வரவில்லை. அடுத்த வாரமும் அதே கதை. சத்தம் இன்னும் சரியாக அமையவில்லை, அதனால்தான் அவளுக்குப் படம் பிடிக்கவில்லை என்று அவராகவே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

அன்று பிடித்தது சனி. வசனம் துல்லியமாக வர நடு ஸ்பீக்கரை மாற்றினார். அதற்கு ஈடுகொடுக்கப் பழைய ஆம்பிளிஃபயர் போதாது என்று அதை மாற்றினார். புது ஆம்பிளிஃபயரில் ஏழு ஸ்பீக்கருக்கு இடமிருந்தது. இரண்டு துளை சும்மா கிடப்பதைப் பார்த்துக்கொண்டு எந்த மனிதனால் தூங்க முடியும்? ஏழாயிற்று. சுவரில் துளை போட்டபோது உள்ளே ஓடிய மின்கம்பியையும் சேர்த்துத் துளைத்து, சமையலறையை இரண்டு நாள் இருட்டில் போட்டார். ஸ்பீக்கர் கடைக்காரரிடம் போனால், "ரூம்தான் சார் பிரச்சனை, சுவர்ல கனமா ஒரு திரைச்சீலை போடுங்க" என்றார். போட்டார். மறுபடி போனால், "திரைச்சீலை சத்தத்தைக் குடிக்குது சார்" என்றார். அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்காமல் திரும்பியதே பெரிய விஷயம்.

எதை மாற்றினாலும் மனைவி எழுந்து போவது மட்டும் மாறவில்லை. பாதிப் படம் என்பது கால் படமாயிற்று. அவருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. யாருக்காக இவ்வளவும்?

நான்கு வருடம் இப்படியே ஓடி, ஒரு ஞாயிறு காலை, ஆம்பிளிஃபயரோடு வந்த சின்ன மைக்கை எடுத்தார். உட்கார்ந்து கேட்கும் இடத்தில் அதை வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கராக ஊளையிட்டு, அந்த இடத்துக்கு ஏற்ப இயந்திரமே சத்தத்தைச் சரிசெய்துகொள்ளும். எப்போதும்போல நடுவிலிருந்த தன் நாற்காலியின்மேல், காது உயரத்துக்கு அட்டைப்பெட்டி அடுக்கி வைத்தார். மின்விசிறியை நிறுத்தினார். "குழாயத் திறக்காத, பத்து நிமிஷம்" என்று மனைவிக்கு உத்தரவு போட்டார். ஊளை முடிந்ததும் தன் நாற்காலியில் சாய்ந்து கேட்டார். அற்புதம்.

"நல்லாருக்கில்ல?"

"ம், நல்லாருக்கு" என்றாள் மனைவி, சோபாவின் இடது ஓரத்திலிருந்து. அதுதான் அவள் இடம். துணி மடிக்க ஜன்னல் வெளிச்சம் கிடைக்கும்.

மதியம் படம் தொடங்கிய பத்தாவது நிமிடம் எழுந்து போய்விட்டாள்.

ரிமோட்டைத் தூக்கி எறிந்தார். மூடி கழன்று, பேட்டரி சோபாவுக்கடியில் உருண்டது. முனகிக்கொண்டே போய், அவள் இடத்தில் உட்கார்ந்து குனிந்து துழாவினார். துழாவிய கை அப்படியே நின்றது. மூலையிலிருந்த பேஸ் பெட்டி விலா எலும்பில் இடித்தது. பின்சுவர் ஸ்பீக்கர் படத்து மழையைக் காதுக்குள் பொழிந்தது. திரையில் இரண்டு பேர் வாயசைத்தார்கள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை.

அறை வாசலில் போய் நின்றார். "அங்க உக்காந்தா பேசுறது எதுவுமே கேக்கலையே. ஏன் சொல்லல?"

"நல்லாருக்கில்லன்னு கேக்குறீங்க. இல்லன்னு சொன்னா இன்னொரு பெட்டி வந்துடும். எதுக்கு வம்பு?"

அவருக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. கடையில் புதுப் பையன் இப்படிக் கேட்டிருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

"வா. உன் இடத்துலயே உக்காரு" என்றார். ரிமோட்டில் பேட்டரி இல்லாததால் எழுந்து போய்க் கையாலேயே பேஸ் பெட்டியை அணைத்தார். "இது தெளிவா, முன்னாடி இருந்தது தெளிவா?"

"இது."

பின்னாலிருந்த நான்கையும் அணைத்தார். "இது?"

"இதுதான்."

டிவிக்கு இரு பக்கமும் இருந்த ஸ்பீக்கர்களும் போயின. நடு ஸ்பீக்கர் மட்டும் மிஞ்சியது. அதுவும் அவர் நாற்காலியைப் பார்த்தே பேசிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு ஆம்பிளிஃபயரையே அணைத்து, டிவியின் சொந்தச் சத்தத்தை வைத்தார். தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது அவருக்கு.

"இதுதாங்க தெளிவா இருக்கு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இதுதான்."

தொழில் பழக்கத்தில் மூன்று தடவை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார். மூன்று தடவையும் அதையே சொன்னாள்.

படத்தை முதலிலிருந்து போட்டார். தன் நாற்காலியில் உட்கார மனம் வராமல் சோபாவிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் ஓரிடத்தில் சிரித்தாள், ஓரிடத்தில் "ஐயோ பாவம்" என்றாள். கடைசிப் பெயர்ப் பட்டியல் ஓடும்வரை எழுந்திருக்கவில்லை.

"அடுத்த வாரம் என்ன படம்?" என்று கேட்டாள்.

நான்கு வருடமாக அவர் காத்திருந்த கேள்வி. வாங்கிக் குவித்த பெட்டிகளைப் பற்றி வாயைத் திறந்தால் சண்டையில்தான் முடியும் என்று தெரிந்ததால், "நீயே சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு, பேட்டரியைத் தேட மறுபடி குனிந்தார்.