இலட்சுமிப்பிள்ளை காலிக்குப் போனது

சட்டியின் வாயை மூடிய வாழைச்சருகை விலக்கி, சிரட்டை அகப்பையின் நுனியால் ஓரத்தில் ஒரு கிள்ளு எடுத்து, உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்த பிறகுதான் இலட்சுமிப்பிள்ளை வாயைத் திறப்பாள். “இண்டைக்கு எடுக்காதீங்க மனே. எருமையெல்லாம் குளத்தடியில பச்சைப் புல்லு மேஞ்சிட்டு. தயிர் தண்ணியாக் கிடக்கு.” காசை நீட்டிய மனிதர் நீட்டிய கையோடு நிற்பார். உன்னிச்சையிலிருந்து முதல் பஸ்ஸில் ஓலைப்பெட்டியும் நாலு சட்டியுமாக மட்டக்களப்புச் சந்தைக்கு வருகிறவள், விற்க வருகிறாளா, விற்காமலிருக்க வருகிறாளா என்று பக்கத்துக் கருவாட்டுக்காரி கேட்பாள். ஆனால் பத்து மணிக்கு முன் நாலு சட்டியும் போய்விடும். மற்றவர்கள் நல்லது என்று சொன்ன தயிரைவிட, இவள் கூடாது என்று சொன்ன தயிர் நல்லது என்பது ஊரறிந்த சங்கதி.

பொய் அவளுக்கு வராது. மகள் நேசமலரைப் பெண் பார்க்க வவுணதீவிலிருந்து வந்தவர்களிடம், பலகாரத் தட்டை வைத்த கையோடு, “புள்ளைக்கு மாரி காலத்தில மூச்சிழுப்பு வரும். மருந்து குடிக்கிறவள். தெரிஞ்சிட்டுச் செய்யுங்க,” என்றாள். அவர்கள் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. புருஷன் சாமித்தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நேசமலருக்கு அப்போது இருபத்து நாலு வயது. இரண்டு வருஷம் கழிந்தும் அம்மாமேல் அவளுக்கிருந்த கோபம் முழுதாக ஆறவில்லை.

எண்பத்தைந்தில் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் மகன் குணரெத்தினத்தைக் கொண்டுபோனார்கள். பல மாதம் எங்கே என்று தெரியாமலிருந்து, கடைசியில் நாட்டின் மறு மூலையில், காலிக்குப் பக்கத்துத் தடுப்புமுகாம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. எண்பத்தாறு தை மாதம் சாமித்தம்பியை வட்டையில் பாம்பு தீண்டியது. வயல் வரம்பிலிருந்து மாட்டு வண்டிலில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஊரடங்கு. வாவிப் பாலத்துக்கு இப்பால் மறித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி இருக்கும் பட்டணத்து விளக்குகள் தண்ணீருக்கு அந்தப் பக்கம் தெரிந்துகொண்டிருக்க, அவர் வண்டிலிலேயே உயிரை விட்டார்.

மகனைப் பார்க்க அனுமதி பங்குனியில் வந்தது. அதற்குள் முகாமிலிருந்து விடுதலையாகி வந்த ஒருவன் வீடு தேடி வந்து சொல்லியிருந்தான். அங்கே ஒரு பொடியன் வீட்டில் சாவென்று கேள்விப்பட்டுச் சாப்பாட்டை விட்டானாம். பிறகு எழும்பவேயில்லையாம். “குணமும் நல்லா மெலிஞ்சிட்டான். அப்பாவோட சேந்து வெள்ளாமை வெட்டுற கதையைத்தான் ஒவ்வொரு நாளும் சொல்லிட்டு இரிக்கான். அவனுக்குத் தகப்பன்ட கதையைச் சொல்லிப்போடாதீங்க.”

நேசமலர் ஒரு கிழமை அம்மாவைப் பழக்கிப் பார்த்தாள். “அப்பா எங்க எண்டு தம்பி கேட்டா என்ன சொல்லுவீங்க?”

இலட்சுமிப்பிள்ளை பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தாள். “கேக்கிறவனுக்குச் சொல்லத்தானே வேணும்.”

“சொல்லப்படாதும்மா.”

“கொள்ளி வெக்க வேண்டியவன் அவன். அவனுக்கு மறைக்கிறதா?”

நேசமலர் அம்மாவை விட்டுவிட்டுத் தனியாகப் போகலாமா என்றுகூட யோசித்தாள். அனுமதிக் கடிதத்தில் தாயின் பெயர்தான் முதலில் இருந்தது.

புறப்படும்போது மடியில் ஒரு சட்டித் தயிர். வேண்டாமென்றால் கேட்கிற பிறவியா அது? ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் எல்லோரும் பையோடு இறங்கி நடக்க, பஸ் வெறுமையாகப் பின்னால் ஊர்ந்து வந்தது. ஒவ்வொரு சாவடியிலும் ஒரு சிங்கள ஆமிப் பொடியன் துவக்கோடு வந்து சருகை நீக்கி, இரும்புக் கம்பியைத் தயிருக்குள் விட்டான். இலட்சுமிப்பிள்ளை அவனோடு தமிழில்தான் பேசினாள். யாரோடும் அவள் தமிழில்தான் பேசுவாள். விளங்காதவர்களோடு கொஞ்சம் உரக்க. “மனே, நடுவில குத்தாத. ஆடை உடைஞ்சிரும். ஓரத்தால விடு.” விரலால் ஓரத்தைக் காட்டினாள். நேசமலர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஒருவன் உண்மையிலேயே கம்பியை எடுத்து ஓரத்தால் விட்டான். அடுத்த சாவடியில் நின்றவன் நடுவில் குத்தினான். கொழும்பு பஸ் நிலையத்தில் வாங்கிலில் உட்கார்ந்தபடியே விடியவைத்து, மறுநாள் மத்தியானம் காலியில் இறங்கியபோது சட்டிக்குள் மோரும் கட்டியுமாகக் குலுங்கியது.

தயிர் வாங்குகிற ஏறாவூர் அப்துல் கபூர் கொடுத்த துண்டுக் கடிதம் இருந்தது. கோட்டை மதிலுக்குள்ளே ஒடுங்கிய தெருவில், அவருக்குத் தங்கை முறையான ஸாலிஹாவின் வீடு. தமிழ் பேசுகிற வீடு என்றதும் இலட்சுமிப்பிள்ளையின் குரல் தானாகத் தணிந்தது. பின்னேரம் ஸாலிஹா இருவரையும் மதில்மேல் கூட்டிப்போனாள். ஒல்லாந்தன் கட்டிய மதில். கீழே கடல் அடித்தது. மேலே ஒரே சனம். பட்டம் விடுகிறவர்கள், மாங்காய் வெட்டி உப்புத்தூள் போட்டு விற்கிறவர்கள், கையால் பின்னிய ரேந்தைத் துணியை விரித்து வெள்ளைக்காரிகளோடு பேரம் பேசுகிற பெண்கள், ஒரே குடைக்குள் முகம் மறைத்திருக்கும் சோடிகள். பொழுது பட்டது. ஒருவரும் வீட்டுக்கு ஓடவில்லை. விளக்குகள் எரிந்தன, கடைகள் திறந்தே கிடந்தன, யாரோ பாட்டுப் பெட்டியைச் சத்தமாக வைத்தார்கள்.

“இருட்டிட்டே. இவங்களுக்குப் பயமில்லையா?” என்று இலட்சுமிப்பிள்ளை கேட்டாள்.

“என்னத்துக்குப் பயம்?” என்றாள் ஸாலிஹா.

இலட்சுமிப்பிள்ளை அந்தச் சனத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே நாடுதான். ஒரு பஸ்ஸும் இன்னொரு பஸ்ஸும் பிடித்தால் வந்துவிடுகிற தூரம்தான். பிறகு, “அவரையும் ஒருக்காக் கூட்டி வந்து காட்டியிரிக்கலாம்,” என்றாள். நாற்பத்தைந்து நாளில் அவரைப் பற்றி அவளாக எடுத்த முதல் பேச்சு அது. நேசமலர் கடலைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

காலையில் குளித்து வந்த தாயைக் கண்டு நேசமலர் திகைத்துப் போனாள். வெள்ளைச் சேலையைக் காணவில்லை. கொக்கட்டிச்சோலைத் தேர்த் திருவிழாவுக்குச் சாமித்தம்பி வாங்கிக் கொடுத்த பச்சைச் சேலை. அதைப் பையின் அடியில் மடித்து வைத்து, மகளுக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறாள். வெறும் கழுத்துத் தெரியாமல் முந்தானையைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள்.

“குங்குமம் வெச்சிரிக்கயா புள்ள?”

“அம்மா…”

“வெச்சி விடு.”

செத்தவீட்டன்று ஊர்ப் பெண்கள் கூடி அழித்த நெற்றி. தொடக்கூடாத இடத்தைத் தொடுவதுபோல இருந்தது. ஊரில் ஒருத்தி கண்டாலும் பிறகு யாரும் வாசற்படி மிதிக்கமாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு குழந்தைபோல முகத்தை நீட்டியிருந்த தாயின் புருவத்துக்கு நடுவில், மோதிரவிரலால் வட்டமாக வைத்துவிட்டாள். ஒன்றும் அறியாத ஸாலிஹா தேநீரோடு வந்து, “நேத்தைவிட இண்டைக்கு முகம் நல்லா இரிக்கே,” என்றாள்.

முகாம் வாசலில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடவில்லை. இலட்சுமிப்பிள்ளை வாதாடவில்லை. தன்னைப்போல் காத்திருந்த ஒரு மன்னார்க்காரியிடம் சட்டியைக் கொடுத்து, “புளிச்சிட்டுகா. நல்லமில்ல. சீனி போட்டுத் தின்னுங்க,” என்று சொன்னாள். அந்தப் பேச்சைக் கேட்டு நேசமலர் தாயைத் திரும்பிப் பார்த்தாள். சேலையும் குங்குமமும் சரி. வாய்?

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் குணரெத்தினம் வந்து நின்றான். மொட்டை அடித்திருந்தார்கள். காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. பக்கத்தில் ஒரு காவலர், கையில் மணிக்கூடு. பத்து நிமிஷம் என்றார்கள். அவன் முதலில் எருமைகளைக் கேட்டான். சுட்டி எருமை கன்று போட்டதா என்று கேட்டான். பிறகு தாய்க்குப் பின்னால், அக்காவுக்குப் பின்னால், வாசல் வரைக்கும் பார்த்தான்.

“அப்பா வரல்லயாம்மா?”

நேசமலர் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டாள்.

“வெள்ளாமை வெட்டு மனே,” என்றாள் இலட்சுமிப்பிள்ளை. “வட்டை முழுக்க விளைஞ்சி சாஞ்சி கிடக்கு. அவரும் வந்தா ஆரு பாக்கிற? வரத்தான் நிண்டவர். போன கிழமை கால்ல முள்ளுக் குத்தி, நொண்டி நொண்டித் திரியிறார். மருந்து கட்டச் சொன்னா கேக்கிறாரா? நீ வந்து சொன்னாத்தான் கேப்பார். ராவையில இருமல் வேற. சுருட்டை விடச் சொன்னா என்னோட சண்டை.”

நிறுத்தவேயில்லை அவள். அவர் புதிதாக வாங்கிய மண்வெட்டி, நெற்சூடு அடிக்க ஆள் கிடைக்காமல் அலைந்தது, மகன் வரும்வரை வெட்டமாட்டேன் என்று அவர் விட்டுவைத்த மூலை வயல். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தது. அவர் காலை இழுத்து இழுத்து வரம்பில் நடந்து வருவது நேசமலரின் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் பத்து நிமிஷம் அவளுக்கும் அப்பா உயிரோடிருந்தார்.

குணரெத்தினம் சிரித்தான். “அந்த மூலை வயலை நான்தான் வெட்டுவன் எண்டு சொல்லுங்க. அடுத்த முறை அவரைக் கூட்டி வாங்க.”

“ஓம் மனே. கூட்டி வாறன். நீ சோத்தை விடாம தின்னு.”

“தின்னுறன்,” என்றான்.

வெளியே வந்து காலிப் பட்டணத்துக்குத் திரும்பினார்கள். இலட்சுமிப்பிள்ளை அழவில்லை. பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ்ஸுக்கு நிற்கும்போது நேசமலர் மெல்லச் சொன்னாள்: “ஊர் போறதுக்குள்ள சேலையை மாத்தி, நெத்தியையும் அழிச்சிரணும்மா. ஆரும் கண்டாக் கதைப்பாங்க.”

“ஓம்,” என்றாள் இலட்சுமிப்பிள்ளை. “அழிக்கத்தான் வேணும்.”

சொல்லி வாய் மூடவில்லை, கடற்பக்கமிருந்து மழை பிடித்துக்கொண்டது. நின்ற சனமெல்லாம் பேப்பர், பை, சாக்கு என்று கையில் அகப்பட்டதைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு கடைவாசல்களுக்கு ஓடியது. நேசமலரும் நாலடி ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். தலை நனைந்து, நரைமயிரிலிருந்து தண்ணீர் கன்னத்திலும் பச்சைச் சேலையிலும் ஒழுகிக்கொண்டிருந்தது. அவளோ இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, நெற்றிக்கு மேலே கூரைபோலப் பிடித்திருந்தாள்.