கமலவேணி டீச்சர் போடாத நட்சத்திரங்கள்

கமலவேணி டீச்சர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் டுடோரியலின் தாளாளர். காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. "டீச்சர் போயிட்டாங்க சார், ஹார்ட் அட்டாக். ஞாயித்துக்கிழமை இரங்கல் கூட்டம் வெச்சிரலாம். நீங்க நாலு வரி எழுதிக் கொடுங்க, முக்கியமானது மட்டும் போதும்." செத்தவர் விஷயத்திலும் முக்கிய வினா கேட்கிறாரே இந்த மனுஷன் என்று நினைத்தேன். ஆனாலும் "சரிங்க" என்றேன். அவரிடம் வேறு வார்த்தை பேசி எனக்குப் பழக்கமில்லை.

டீச்சரிடம் படித்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மந்தாரக்குப்பம் கடைவீதி மாடியில், தபால் வழியில் பி.ஏ. வரலாறு படிப்பவர்களுக்கு அவர் அமெரிக்க வரலாறு எடுத்தார், நான் அரசியல் அறிவியல் எடுத்தேன். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்களும் குவார்ட்டர்ஸ் பெண்களும் வருவார்கள். தேர்வு நெருங்கினால் எல்லோரும் கேட்பது ஸ்டார்தான். கைடில் எந்தக் கேள்விக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கிறதோ அது கட்டாயம் வரும் என்று நம்பினார்கள். டீச்சர் ஒருநாளும் ஸ்டார் போட்டதில்லை. "பருத்தி யார் பறிச்சாங்கன்னு சொல்லாம பருத்தி ஏற்றுமதிய மட்டும் சொல்லிக் கொடுத்தா அது வரலாறு இல்ல சார், மளிகைக்கடை லிஸ்ட்டு" என்பார்.

ஒரு வருடம் உட்கார்ந்து தன் கையால் அவர் ஒரு கைடு எழுதினார். குடியேற்றங்கள், சுதந்திரப் போர், அரசியலமைப்பு, சுங்கவரிச் சண்டை எல்லாம் அதில் இருந்தன. அடிமை வியாபாரத்துக்கு மட்டும் பதினெட்டுப் பக்கம். தாளாளர் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கேள்வி ரெண்டு வருஷம் தொடர்ந்து வந்துருச்சு, இந்த வருஷம் வராது, தூக்கிருங்க" என்றார். ஸ்டாரும் வேண்டுமாம்.

டீச்சர் சிரித்தார். தாளாளர் போன பிறகு என்னிடம் சொன்னார்: "அமெரிக்காவுல ஜனாதிபதி ஒரு மசோதாவ வேணாம்னு திருப்பி அனுப்பினாலும், ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு பேர் நின்னாங்கன்னா அது சட்டமாயிடும். இங்க இருக்கறது மொத்தம் மூணு பேரு. நாம ரெண்டு பேரும் நின்னா போதும் சார்."

"நிக்கறேன் டீச்சர்" என்றேன்.

அடுத்த வாரம் தங்கை வீட்டு விசேஷத்துக்காக அவர் திருவதிகை போனார். மூன்று நாள். அந்த மூன்று நாளில் தாளாளர் அச்சகத்துப் புரூஃபைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். கூடவே பிளாஸ்டிக்கில் ஒரு பெயர்ப்பலகை: என் பெயர், கீழே துணை முதல்வர். அந்தப் பலகையைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்றென்று இன்றும் நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. பெரிய அதிகாரி மாதிரி பச்சை மைப் பேனா ஒன்று வாங்கி வந்தேன். அந்தப் பேனாவால் பதினெட்டுப் பக்கத்தையும் குறுக்கே அடித்தேன். பதினான்கு கேள்விகளுக்கு ஸ்டார் போட்டேன். கைடு வெளியே வந்தபோது அட்டையில் டீச்சர் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குத்தான் விற்பனை. வெட்டியது தாளாளர் என்றே டீச்சர் நினைத்திருப்பார் என்று நானும் இருந்துவிட்டேன்.

தேர்வில் அடிமை முறையும் உள்நாட்டுப் போரும் பெரிய கேள்வியாக வந்தது. ரிசல்ட் வந்த அன்று கம்மாபுரம் காசிநாதன் கைடைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் வந்தார். முப்பது வயது தாண்டிய காண்ட்ராக்ட் தொழிலாளி. டிகிரி இருந்தால் சூப்பர்வைசர் வேலை கேட்கலாம் என்று படித்தவர்.

"லீவு போட்டுக்கினு ராவும் பகலும் இதயேதான் படிச்சிக்கினு இருந்தேன் டீச்சர். நீங்க போட்ட ஸ்டாருதானங்க? இப்பிடிக் கவுத்துட்டீங்களே."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் சொன்னார்: "என் பேருதான் போட்டிருக்கு. நான்தான் பொறுப்பு." நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்த டீயைக் குடித்து முடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு, தோற்றவர்களை ஞாயிறுதோறும் வீட்டுக்கு வரச்சொல்லி அந்தப் பாடத்தை டீச்சர் நடத்தினார். காசிநாதனும் தேறினார். ஆனால் பழி போகவில்லை. டீச்சர் போட்ட ஸ்டார் என்றால் வராது என்று கடைவீதியில் கேலி பேசினார்கள். என்னிடம் அவர் மாறாமல் பழகினார். ஒருமுறை மட்டும், "பச்சை மையில எழுதாதீங்க சார், கண்ண உறுத்துது" என்றார். கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

இரங்கல் கூட்டத்தில் ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். டீச்சர் படத்தைவிடத் தாளாளர் படம் பெரிது, சுற்றிலும் தங்க நிறத்தில் நட்சத்திரங்கள். மைக்கைப் பிடித்த தாளாளர், "ஸ்டார் போடறதுல ஒருதடவ சறுக்கிட்டாங்க, மத்தபடி தங்கமானவங்க" என்றார். கூட்டம் சிரித்தது. அடுத்து நான் எழுந்தேன். எழுதி வைத்திருந்த நாலு வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த மேடையில் என்னைவிடக் கேவலமானவன் யாரும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் டீச்சரின் மகள் ஒரு கட்டைக் கொடுத்தார். "அம்மா அலமாரியில இருந்துச்சு சார். உங்க எழுத்து மாதிரி இருக்கு." அதே புரூஃப். கைடுக் கட்டோடு அச்சகம் திருப்பி அனுப்பியிருக்கிறது, டீச்சர்தான் பிரித்திருக்கிறார். காசிநாதன் கேட்ட நாளில் அவருக்கு எல்லாம் தெரியும். மற்ற பக்கங்கள் மடிப்புக் கலையாமல் இருந்தன. பதினெட்டுப் பக்கம் மட்டும் ஓரம் நைந்து அழுக்கேறிக் கிடந்தது. என் பச்சைக் கோட்டுக்கு அடியில் இருந்ததைப் படித்துத்தான் ஞாயிறுதோறும் பாடம் நடத்தியிருக்கிறார்.

மறுநாள் அந்தக் கட்டோடு கம்மாபுரம் போய்க் காசிநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கட்டைப் பிரித்து அந்தப் பதினெட்டுப் பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இத அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா, டீச்சருகிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டிருப்பேனே சார். இப்ப எங்கங்க போய்க் கேக்கறது?"

பதினெட்டுப் பக்கத்தையும் அவரே வைத்துக்கொண்டார். மிச்சக் கட்டை என் மடியில் வைத்துவிட்டு, "இது உங்களுது" என்று உள்ளே போய்விட்டார்.

டீச்சரின் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான். அதில் பதினான்கு நட்சத்திரங்கள் இருக்கின்றன. ஒன்றுகூட அவர் போட்டதில்லை.